மேசைக்குக் கீழே ஒரு வாய்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் இன்ஸ்பெக்டரைக் கண்ணாடி அறையின் வாசலில், மூக்கைப் பொத்திய கையோடு நிறுத்திவிட்டு நாம் நம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அவள் அங்கேயே நிற்கிறாள். வாருங்கள், அந்தக் கதவை முழுசாகத் திறந்துவிடுவோம்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைக்க வேண்டாம். ஓட்டல் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, பானையைத் திறந்து பார்த்து, பிடிக்காவிட்டால் கடையை மூடச் சொல்லும் அரசாங்க உத்தியோகம். வருடக் கடைசி விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து அம்மா தட்டில் வைத்த எதுவும் அவள் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வாடை. உத்தியோகம் பார்த்துப் பார்த்துத் தன் மூக்குதான் கெட்டுப்போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

மூக்கு கெடவில்லை. கெட்டது வேறு.

கண்ணாடி அறை என்பது வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம். மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு அடைத்தது. குளிர்காலத்தில் அங்கே கால் வைத்தால் விரல்கள் மரத்துப்போகும். அதனால் அப்பா இருந்த காலத்திலிருந்தே விடுமுறைச் சமையல் முழுக்க அங்கேதான் குடியிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் அத்தனை அண்டா எங்கே அடங்கும்? அம்மா பல நாட்களுக்கு முன்பே எலும்பைக் கொதிக்கவைத்து வடித்து, கறியை வதக்கி, கிரீமை அடித்து, மேலே தட்டுப் போட்டு, அலமாரியில் வரிசையாக வைத்துவிடுவாள். விருந்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக எடுத்துச் சூடு பண்ணுவாள். இத்தனை வருடத்தில் ஒரு கரண்டி வீணாய்ப் போனதில்லை.

இன்றைக்கு அந்த அறை இதமாக இருந்தது. வெறுங்காலுக்குத் தரை கதகதப்பாக இருந்தது.

அலமாரிக்குக் கீழே மேனேஜர் நான்கு கால்களையும் விரித்து மல்லாந்து கிடந்தார். மேனேஜர் என்பது நாய். தான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். அவர் தலைமாட்டில் புத்தம் புதிய ஹீட்டர் ஒன்று, மெல்லிசாக முனகியபடி, சிவந்த முகத்தோடு எரிந்துகொண்டிருந்தது.

"அடக் கடவுளே" என்றாள் இன்ஸ்பெக்டர், வாய்க்குள்ளேயே.

விடுமுறையிலும் அவள் கைப்பையில் வெப்பமானி இருக்கும். எடுத்து சூப் அண்டாவின் தட்டை நகர்த்தினாள். மேலே படிந்திருந்த ஆடை லேசாக உப்பி, நடுவில் ஒரு குமிழி வந்து, உடைந்து, மறுபடியும் உப்பியது. அடுப்பில் இல்லாத பானை குமிழி விடுகிறது. வெப்பமானியை அதில் இறக்க அவளுக்கே கை கூசியது. பக்கத்துக் கிண்ணத்தில் கிரீம் ஓரமெல்லாம் மஞ்சளாகி, தண்ணீர் விட்டு, வேர்த்த மாதிரி கிடந்தது. கறிக் கலவையைத் தொட்ட விரலில் நூல் மாதிரி ஒரு பிசுபிசுப்பு வந்தது. அவள் விரலைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அப்புறமும் அது அங்கேயே இருப்பதுபோல் இருந்தது.

வீட்டுப் பூனை மகாராணி வாசல்வரைக்கும் வந்தாள். கோழி வாசனைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவரக்கூடியவள், ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு வாலைத் திருப்பிக்கொண்டு போனாள். இந்த வீட்டிலேயே நேர்மையானவள் அவள் ஒருத்திதான்.

இதைவிடக் கம்மியான குற்றத்துக்கு இன்ஸ்பெக்டர் கடைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். முதலாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவள் மசிந்ததில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நடக்கும்போதும் அதே நடைதான் நடந்தாள்.

அம்மா மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மாவு. உள்ளங்கை பட்டதும் மாவு வழவழவென்று உருண்டது. பள்ளிக்கூடக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கைக்கு இன்னும் வேகம் குறையவில்லை.

"நாளைக்குப் பிள்ளைங்க எல்லாரும் இந்த ரோலைப் பார்த்தா என்ன பண்ணும் தெரியுமா?" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே. "முதல்ல கிரீமை நக்கும். அப்புறம்தான் கடிக்கும். நீயும் அப்படித்தான் பண்ணுவ."

நாளை. அதுதான் விஷயம். தெருக்கோடியில் இருக்கும் மழலையர் பள்ளியில் நாளைக் காலை வருடக் கடைசி விருந்து. வேலையை விட்ட பிறகு அம்மாவுக்கு வந்த முதல் ஆர்டர். சூப், கறி பன், கிரீம் ரோல். அந்த அண்டா, அந்தக் கலவை, அந்தக் கிரீம். பால் பல் விழாத வயசுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும்.

"அம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"சொல்லுடா கண்ணு."

"அந்தக் கண்ணாடி ரூம்ல..."

"உங்க அண்ணன் ஹீட்டர் மாட்டினதைப் பார்த்தியா? மேனேஜருக்கு மூட்டு வலின்னு. எனக்கும் ராத்திரி அங்க உட்கார்ந்தா முழங்கால் எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா." அம்மா இப்போது நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இந்த வருஷம் நல்லாப் போச்சுன்னா இனிமே வருஷா வருஷம் நீங்கதான்னு சொன்னாங்க. உங்க அப்பா போனதுக்கப்புறம் இப்பத்தான் என்னை ஒருத்தர் வேலைக்குன்னு கூப்பிட்டிருக்காங்க. ஆமா, நீ என்ன கேக்க வந்த?"

வாயைத் திறந்தாள் இன்ஸ்பெக்டர். நமக்கெல்லாம் தெரியும், என்ன சொல்ல வேண்டும் என்று. அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணுமில்லம்மா. வாசனை தூக்குது."

வாய் கூசாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துச் சீ என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. விடுமுறை நாட்களில் மூன்று வேளையும் இங்கேதான். அண்ணன் மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். பழுதுபார்க்கிறேன் என்று எதையாவது மாட்டுவதும் கழற்றுவதுமே அவன் பாசத்தைக் காட்டும் வழி. அண்ணி வாடிக்கையாளர் சேவை மையத்தில் தொலைபேசியில் பேசுகிறவள். வீட்டில் தீப்பிடித்தாலும் தயவுசெய்து சற்றுக் காத்திருங்கள் என்று தேன் தடவித்தான் சொல்வாள்.

அம்மா பரிமாறினாள். கறி பன், சூப், கிரீம் தடவி மேலே செர்ரி வைத்த கேக் துண்டு. விருந்துக்கு முன்னால் வீட்டார் ருசி பார்க்க வேண்டும் என்பது அவள் சட்டம். சூப்பில் கேரட்டைப் பூ மாதிரி வெட்டிப் போட்டிருந்தாள். பரிமாறிவிட்டு மேசையின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தனக்கு ஒரு ரொட்டித் துண்டும் டீயும்தான். சமைத்த கைக்குப் பசிக்காது என்று சொல்லிக்கொண்டாள்.

"அத்தை, இன்னிக்கு ரொம்ப ஸ்பெஷலா இருக்கு" என்றாள் அண்ணி.

"அம்மா கைன்னா அம்மா கைதான்" என்றான் அண்ணன், கண்களை மூடி, தலையை ஆட்டி. என்ன நடிப்பு. பார்க்கவே எரிச்சலாக வந்தது.

இன்ஸ்பெக்டர் பன்னைப் பிட்டாள். உள்ளேயிருந்து வந்த ஆவி நேராக மூக்கில் ஏறியது. மழையில் நனைந்து காயாத துணியை மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம். மேலே மிளகுத் தூளை அள்ளிப் போட்டு அதை மறைக்கப் பார்த்த மாதிரி இருந்தது. அம்மா இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சிரித்தாள். கன்னம் வலிக்கச் சிரித்தாள். அம்மா சூப் எடுக்கத் திரும்பிய நேரத்தில் பன்னைச் சட்டென்று மடிக்கு இறக்கி, மேசைக்குக் கீழே கையை நீட்டினாள்.

மேனேஜரின் ஈரமான வாய் அங்கே தயாராக இருந்தது. ஆனால் அந்த வாயில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

முரட்டுக் கை. விரலில் மின்கம்பி சுட்ட தழும்பு. அண்ணனுடையது. இரண்டு கைகளும் நாயின் மூக்குக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து, வளையல் சத்தம் கேட்காமல் இருக்க முன்கையைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு, மூன்றாவதாக ஒரு கை வந்தது. அதில் அரைத் துண்டு கேக்.

மேசைக்கு மேலே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவர் முகத்திலும் அதே சிரிப்பு. மேசைக்குக் கீழே மேனேஜர் மூன்று கைகளையும் நக்கி முடித்து, விரலிடுக்கில் மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். வெதுவெதுப்பான எச்சில் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?" என்றாள் அம்மா.

"வைம்மா" என்றான் அண்ணன்.

சாப்பிட்டு முடித்ததும், குப்பையைப் போட்டுவிட்டு வருகிறோம் என்று மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குளிர் ஊசியாய்க் குத்தியது. அந்தக் குளிரே அப்போது சுத்தமாகத் தெரிந்தது.

"எத்தனை நாளா இந்தக் கண்றாவி நடக்குது?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் தொட்டியின் மூடியை ஆராய்ந்தான். "ஹீட்டர் மாட்டினதுல இருந்து இருக்கும். அப்ப எனக்குத் தோணலை. நாய் நடுங்கிட்டுக் கிடந்தது, கடையில ஒரு பீஸ் சும்மா இருந்துச்சு."

"உனக்கு அப்புறமாவது தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் அணைக்கல?"

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. காரணம் சொல்லணும். உங்க சாப்பாடு நாறுதும்மான்னு நான் சொல்லணும். நீ சொல்வியா?"

அண்ணி இடையில் புகுந்தாள். "இதைப் பதமாத்தான் கையாளணும். நான் யோசிச்சு வச்சிருக்கேன். நாளைக் காலையில பேக்கரியில இருந்து ரோல், பன் எல்லாம் சுடச்சுட வாங்கிடலாம். சூப்பும் கிடைக்கும். அத்தை குளிக்கப் போற நேரத்துல பாத்திரத்தை மாத்திடலாம். அத்தைக்கும் மனசு நோகாது, பிள்ளைங்களுக்கும் வயிறு நோகாது."

"அவங்க கண்ணு முன்னாலயே அவங்களை ஏமாத்தச் சொல்றீங்க, அண்ணி."

"சந்தோஷமா இருக்கட்டுமேன்னு சொல்றேன்."

"பிள்ளைங்க அம்மாவைக் கட்டிப்பிடிச்சு நல்லா இருக்குன்னு சொல்லும். யாரோ ஒரு பேக்கரிக்காரன் பண்ணினதுக்கு. அம்மா அதைக் கேட்டுட்டு அழுவாங்க. நாம மூணு பேரும் பக்கத்துல நின்னு கை தட்டணும். அப்படித்தானே?"

அண்ணிக்கு முகம் சிவந்தது. "நீதான் ஊரெல்லாம் போய்க் கடை மூடுற ஆளாச்சே. காலையில இருந்து உன் வாயில என்ன இருந்தது? கொழுக்கட்டையா?"

இன்ஸ்பெக்டருக்குக் குமட்டல் வந்தது. அது சாப்பாட்டினால் வந்தது என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அழுகிய கறியைக் கையால் தொட்டாயிற்று, சோப்புப் போட்டால் போய்விடும். மேசைக்கு மேலே தான் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தபோதுதான் உடம்பு கூசியது.

"சாயங்காலம் நான் சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லு, தாராளமா சொல்லு" என்றான் அண்ணன். "சொல்லும்போது நான் இங்க இருக்க மாட்டேன்."

ஆனால் இருந்தான். எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பெருமையெல்லாம் மேனேஜரைச் சேரும்.

விளக்கு வைக்கும் நேரம். கூடத்தில் அண்ணன் டிவி ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணி மகாராணியின் காதைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா நாளைக்கு வேண்டிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, அம்மா உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும் என்று சொல்லியே விட்டாள்.

"பேசேன்" என்றாள் அம்மா.

அப்போது கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வந்தார். நடை சரியில்லை. வயிறு பீப்பாய் மாதிரி விம்மியிருந்தது. கூடத்தின் நட்ட நடுவில், அம்மா விடுமுறைக்கென்று எடுத்து விரிக்கும் வெள்ளைக் கம்பளத்தின் மேல் வந்து நின்று, நான்கு கால்களையும் ஊன்றி, முதுகை வளைத்தார்.

"வெளிய இழுத்துட்டுப் போ, வெளிய" என்று அண்ணன் எழுந்தான்.

அவகாசம் கிடைக்கவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அடைத்த சாக்கடை திறந்துகொள்ளும் சத்தம். அதன் பிறகு வந்ததெல்லாம் வந்தது. ஒரு தடவை இல்லை. நாய் மூச்சு வாங்கிக்கொண்டு, யோசித்து, மறுபடியும் முதுகை வளைத்தது. கம்பளம் போதாமல் தரைக்கு ஓடியது. நாற்றம் கூடத்தின் நான்கு மூலையையும் தொட்டுத் திரும்பியது. மகாராணி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினாள். அண்ணி சேலைத் தலைப்பை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அண்ணன் ஓங்கரித்தபடி கதவைத் திறந்துவிட்டான். வருடம் முழுக்க எலி செத்த கிடங்குகளையும் புழு நெளிகிற பீப்பாய்களையும் பார்த்த இன்ஸ்பெக்டருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மா மட்டும் வாளியும் துணியும் எடுத்து வந்தாள்.

"என் செல்லத்துக்கு என்னாச்சு" என்று மேனேஜரின் தலையைத் தடவிவிட்டு, அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள். மூக்குக்கண்ணாடி போடாததால் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மூக்கில் ஒரு அசைவு இல்லை. பூந்தொட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்தியிருந்த கையை இறக்கினாள். அண்ணனைப் பார்த்தாள். அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றாள். "உனக்கு நாத்தம் அடிக்கலையா?"

அம்மா நிமிர்ந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். மூடிய மூக்குகளையும் தலைப்பு திணித்த வாயையும் பார்த்தாள். பிறகு மறுபடியும் கீழே பார்த்தாள். கேரட் பூக்கள் அப்படியே முழுசாகக் கிடந்தன. கடித்த தடம் இல்லாத பன். கேக் மேல் வைத்த செர்ரி. ஒருவர் தட்டில் வைத்தது மட்டும் இல்லை. எல்லார் தட்டிலும் வைத்தது.

அவள் இரண்டு விரலால் ஒரு கேரட் பூவை எடுத்தாள். துணியில் துடைத்தாள்.

"இது உனக்கு வச்சது" என்றாள் மகனிடம். "உனக்குத்தான் சூப்புல கேரட் நிறையப் போடுவேன்."

அம்மா கேரட் பூவை வாளியில் போட்டாள்.

"எத்தனை நாளா?"

அண்ணிதான் தைரியம் வந்து ஆரம்பித்தாள். "அத்தை, அது வந்து, உங்க மனசு..."

"உன்னை நான் கேக்கலம்மா. நீ நல்லாத்தான் சொல்லுவ." அம்மா குரலை உயர்த்தவில்லை. "மழைக்காலத்துல எனக்கு ஒரு ஜுரம் வந்துச்சே, அதோட போச்சு மூக்கு. உப்பும் இனிப்பும் தெரியும். மத்ததெல்லாம் வாய்க்குள்ள ஈரத் துணி வச்ச மாதிரி. வாசனை திரும்பி வரலாம்னாரு டாக்டர், வராமலும் போகலாம்னாரு. மூக்கு இல்லாத சமையல்காரியை யாரு கூப்பிடுவா? அதான் வாயைத் திறக்கல."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் அண்ணன்.

"எதுக்குச் சொல்லணும்? என்கிட்டதான் உங்க மூஞ்சி இருக்கே." அம்மா துணியைத் தரையில் போட்டு அழுத்தினாள். "மசாலா பத்தலைன்னா நீ கண்ணைச் சுருக்குவ. உறைப்பு ஜாஸ்தின்னா இவ உதட்டைக் கடிப்பா. சின்னப் பிள்ளையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் தட்டை வச்சிட்டு நின்னு பார்ப்பேன். உங்க மூஞ்சியை நம்பித்தான் இத்தனை நாளும் சமைச்சேன். எல்லாரும் சிரிச்சீங்க. சரி, கை மறக்கலன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் டீச்சரம்மாவுக்குச் சரின்னு சொன்னேன்."

மேனேஜர் மறுபடியும் முனகிச் சரிந்து படுத்தார். மூச்சு வேகமாக இரைத்தது.

"அவனை முதல்ல டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க" என்றாள் அம்மா. "உங்க மூணு பேர் பாவத்தையும் அவன்தான் தின்னிருக்கான்."

அண்ணன் நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கினான். அந்தக் கனத்துக்கு அவன் முதுகே வளைந்தது. அண்ணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். வாசலில் ஒரு நிமிடம் திரும்பி நின்று எதையோ சொல்ல வாயெடுத்தவள், ஜென்மத்தில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் போனாள்.

இன்ஸ்பெக்டர் துணியைப் பிடுங்கப் பார்த்தாள். அம்மா கொடுக்கவில்லை. முழுக்கத் துடைத்து, கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள். பிறகு நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் சூப் அண்டாவைத் தூக்கி வந்து அடுப்பில் வைத்தாள். பற்றவைத்தாள். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே போய் நின்றாள். சூடு ஏற ஏற அந்த வாடை எழுந்து வந்து சமையலறையை நிரப்பியது.

அம்மா ஒரு கரண்டி மொண்டு, ஊதி, மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"குடிக்க வேண்டாம். கிட்ட வா. மோந்து பாரு. நான் உன் மூஞ்சியைப் பார்க்கணும்."

"அம்மா, வேண்டாம்மா. நானே சொல்லிடறேன்."

"வாயால சொல்றதை எல்லாம் காலையிலயே கேட்டாச்சு. வாசனை தூக்குதுன்னு சொன்ன."

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். கரண்டியிலிருந்து எழுந்த ஆவி முகத்தில் அடித்தது. புளித்த எலும்பு, அழுகல், அதற்கும் அடியில் இனிப்பாக ஒரு நெடி. இந்தத் தடவை அவள் எதையும் அடக்கவில்லை. உதடு கோணியது, மூக்கு சுருங்கியது, தொண்டை மேலே ஏறியது, கண் இறுக மூடிக்கொண்டது. அசிங்கமான மூஞ்சி. அம்மாவுக்கு முன்னால் அப்படி ஒரு மூஞ்சியை அவள் சின்ன வயதில் மருந்து குடிக்கும்போதுதான் வைத்திருக்கிறாள்.

கண்ணைத் திறந்தபோது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வரி விடாமல் படிக்கிற மாதிரி பார்த்தாள்.

"இவ்வளவு மோசமாவா?"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது.

அம்மா அடுப்பை அணைத்தாள். அண்டாவைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் முழுசாகக் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றாள். தோள் ஒரு முறை குலுங்கியது. பிறகு நிலைத்தது.

"டீச்சரம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்" என்றாள். "என்னால முடியாதுன்னு." குழாயை மூடினாள். மூடிய கை அப்படியே குழாயின் மேல் நின்றது. "நேத்து சாயங்காலம் அவங்க வந்தப்ப நான் குளிச்சிட்டு இருந்தேன். மாதிரிக்குச் சுட்டு வச்சிருந்த கிரீம் ரோல்ல ஒரு டப்பா கொடுத்தனுப்புன்னு உள்ள இருந்து சொன்னேன். அப்பா அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்து டே கேர்ல இருக்குற பிள்ளைங்களுக்கு ராத்திரி கொடுக்கறேன்னாங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நீதானே எடுத்துக் கொடுத்த?" என்றாள் அம்மா.

அவள்தான் கொடுத்தாள். டப்பாவை மூடும்போது அந்த வாடை வந்ததும், டீச்சர் நன்றி சொன்னபோது தான் சிரித்ததும் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி, இது யார் யாருக்குப் போயிருக்கிறது என்பதுதான். இன்றைக்கு நாள் முழுக்க, தன் வீட்டில், அதைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவின் போனை எடுத்து டீச்சரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.